அடுத்த வருடம் இருக்கமாட்டார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்து ஆண்டுகளாகச் சிகாகோவில் வசிக்கிறேன். பேஸ்பாலில் ஒயிட் சாக்ஸ் அணியின் ரசிகன். 2024இல் 121 தோல்விகள், 2025இல் 102. அணியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்கிறார்கள். ஜூலையில் அறிமுகமான கோல்சன் மான்ட்கோமரி 21 ஹோம் ரன் அடித்துவிட்டார். கேட்சர் கைல் டீல், சேஸ் மைட்ராத் ஆகியோரும் நம்பிக்கை தருகிறார்கள். இவர்களில் யார் 2028இல் வெல்லும் அணியில் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

செப்டம்பரில் ஒன்பது வயது மகனை ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தாயிற்று என்று ஏழாவது இன்னிங்ஸில் கிளம்பிவிட்டோம். அப்போது பந்துவீச வந்தவரின் பெயர் என்ன என்று மகன் கேட்டான். "அவரெல்லாம் அடுத்த வருடம் இருக்கமாட்டார், விடு" என்றேன். தோற்கும் அணியை ஒரு குழந்தைக்கு எப்படி அறிமுகம் செய்வது? நீங்கள் மிச்சிகனில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

போன வாரம் பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது டெட்ராய்ட் மைதானத்து டிக்கெட் ஒன்று கிடைத்தது. 2003 செப்டம்பர் 27. அதைத் தூக்கிப் போட மனம் வராமல் மேசைமேல் வைத்திருந்தேன். இரண்டு நாளில் உங்கள் கடிதம் வந்தது.

2028 பற்றிய கேள்வியை முதலில் தள்ளிவைத்துவிடுகிறேன். மான்ட்கோமரியின் மட்டையில் பலம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இதே அணி 2016 டிசம்பரில் பந்துவீச்சாளர் கிறிஸ் சேலைப் பாஸ்டன் அணிக்குக் கொடுத்து யோவான் மொன்காடாவை வாங்கியது. அடுத்த ஜூலையில் ஹோசே கின்டானாவைக் கொடுத்து எலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் வாங்கியது. அன்று எல்லோரும் மெச்சிய இளைஞர்கள் அவர்கள். விளைந்தது என்ன? 2021இல் 93 வெற்றிகளும் பிரிவில் முதலிடமும். பருவத்தின் முடிவில் நடக்கும் பிளே ஆஃப் சுற்றில் ஹூஸ்டன் அணியிடம் தோற்றார்கள். மூன்றே ஆண்டில் 121 தோல்விகளில் வந்து நின்றார்கள். டீலும் மைட்ராத்தும்கூடக் கரெட் க்ரோஷேவைக் கொடுத்து அதே பாஸ்டனிடம் வாங்கப்பட்டவர்கள்தான். நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. ஜாதகம் பார்ப்பதைப் போல இதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறேன்.

என்னைச் சுட்டது உங்கள் கேள்வி அல்ல, மகனிடம் நீங்கள் சொன்ன பதில். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு மனிதனின் பெயரைக் கேட்கிறான். 'விடு' என்கிறீர்கள். உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அணி உரிமையாளர்களின் கணக்கு உங்கள் வாய்க்குள் எப்போது புகுந்தது? யார் சொத்து, யார் செலவு என்று பிரிப்பது அவர்கள் தொழில். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த வேலை எதற்கு?

2003இல் நான் டெட்ராய்ட்டின் புறநகரில் ஒப்பந்தப் பொறியாளனாக இருந்தேன். அந்த ஆண்டு டைகர்ஸ் அணி 43 ஆட்டங்களில் வென்று 119இல் தோற்றது. பேஸ்பாலில் ஒவ்வொரு தோல்வியும் ஏதாவது ஒரு பிட்சரின், அதாவது பந்துவீசுபவரின், பெயரில் எழுதப்படும். அணி தோற்றது என்பதோடு விடமாட்டார்கள்; இன்னார் தோற்றார் என்று நிரந்தரமாகப் பதிவாகும். ஒரே பருவத்தில் இருபது தோல்வி என்பது பிட்சர்கள் அஞ்சும் எண். 1980க்குப் பிறகு யாருக்கும் அது நேர்ந்திருக்கவில்லை.

அந்த அணியில் ஜெரமி பாண்டர்மன் என்று இருபது வயதுப் பையன் இருந்தான். 19 தோல்விகள் சேர்ந்தன. இருபதைத் தொடவிடாமல் மேலாளர் ஆலன் ட்ராமல் அவனைக் காத்தார். எதிர்காலம் உள்ள பையன் அல்லவா, காத்தது சரிதான். மைக் மரோத் இருபத்தாறு வயதுக்காரர். பந்தில் பெரிய வேகம் கிடையாது. அவரும் ஒதுங்கியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் ஒதுங்கவில்லை. தன் முறை வந்தபோதெல்லாம் பந்துவீசும் மேட்டில் ஏறி நின்று வீசினார். 21 தோல்விகள். அந்த அணியில் அதிகமாக வென்றவரும் அவர்தான்: 9 ஆட்டங்கள். இந்த இரண்டாவது எண்ணை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அந்தச் செப்டம்பரில்தான் என் ஒப்பந்தம் முடிந்தது. திட்டம் கைவிடப்பட்டதாக ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்கள். விசாக் கணக்கைத் தலைக்குள் ஓட்டியபடி அறையில் கிடந்தேன். நான் வேலைசெய்த இரண்டு ஆண்டுகளும் யாருடைய கணக்கிலும் இல்லை என்று தோன்றியது. அந்த நாட்களில்தான் மரோத் வீசுவதைத் தொலைக்காட்சியில் பார்ப்பேன். அடி வாங்குவார். தொப்பியைச் சரிசெய்துகொள்வார். அடுத்த பந்தை வீசுவார். ஆறுதல் என்று சொல்லமாட்டேன், துணை இருந்தது.

செப்டம்பர் பிறந்தால் கீழ்நிலை லீகுகளிலிருந்து ஆட்களை மேலே அழைப்பது வழக்கம். அன்று நாற்பது பேர்வரை வைத்துக்கொள்ளலாம். 2020 முதல் இருபத்தெட்டுதான். வருபவர்களில் பலருக்கு அந்த ஒரு மாதமே வாழ்நாள் முழுமைக்குமான பெரிய லீக். உங்கள் மகன் பெயர் கேட்ட ஆளும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், செப்டம்பர் ஆட்டத்தை எதிர்காலத்துக்கான ஒத்திகையாகப் பார்க்காதீர்கள். ஆடிக்கொண்டிருப்பவனுக்கு அது ஒத்திகை அல்ல. 2024இல் உங்கள் அணி 120 தோல்விகளைத் தொட்ட பிறகு என்ன நடந்தது? உடைந்துபோயிருக்க வேண்டியவர்கள் கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்றார்கள். தோற்ற ஒன்று, டெட்ராய்ட்டில் 121ஆவது. பிளே ஆஃப் இடம் உறுதியாகி டைகர்ஸ் கொண்டாடியது அதே இரவில்தான். அந்த ஐந்து வெற்றிகளால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. இருந்தும் வென்றார்கள்.

2003இன் டைகர்ஸும் கடைசி ஆறில் ஐந்தை வென்றார்கள். அதில் ஒன்றுக்குத்தான் என் மேசைமேல் கிடக்கும் இந்த டிக்கெட். மின்னசோட்டா 8-0 என்று முன்னிலையில் இருந்தபோது நான் எழுந்து வந்துவிட்டேன், தம்பி. அறைக்கு வந்து வானொலியைப் போட்டால், டைகர்ஸ் 9-8 என்று வென்றிருந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலி நாற்காலி இன்னும் எனக்குள் கிடக்கிறது. உங்களைத் திட்ட எனக்குள்ள உரிமை அவ்வளவுதான்.

2006இல் டைகர்ஸ் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. அதற்கு முன் பிளே ஆஃபில் நியூயார்க் யாங்கீஸ் அணியை வெளியேற்றிய ஆட்டத்தில் பாண்டர்மன் முதல் ஐந்து இன்னிங்ஸில் ஒருவரையும் பேஸ் ஏறவிடவில்லை. அந்த 19 தோல்விப் பையன்தான். மரோத் அந்த ஆண்டு முழங்கைக் காயத்தோடு போராடினார். பிளே ஆஃபில் வீசவில்லை. அடுத்த ஆண்டு அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு 2006இன் ஆட்டங்கள் அரைகுறையாகத்தான் நினைவிருக்கின்றன. மரோத் தொப்பியைச் சரிசெய்வது அப்படியே இருக்கிறது.

நீங்கள் போன ஆட்டத்தின் பதிவு இணையத்தில் கிடைக்கும். ஏழாவது இன்னிங்ஸில் வீச வந்தவர் யார் என்று பாருங்கள். மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தப் பெயரைச் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள்.