திராட்சை விதையில் எண்ணெய்: மெஷினுக்கு முன்னால் ஈரத்தைக் கவனியுங்கள்

கேள்வி: பெங்களூர் கே.ஆர்.புரம் பக்கம் சின்னதாக ஒரு திராட்சை ஜூஸ் யூனிட் நடத்துகிறோம். பெங்களூர் ப்ளூ ரகம்தான். பிழிந்த பிறகு விதை மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்ஸேன் என்ற ரசாயனம் இல்லாமல் எண்ணெய் எடுக்க முடியுமா? கார்பன் டை ஆக்சைடு மெஷின் வாங்கலாம் என்கிறார்கள்.

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் மெஷினைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், விதையை எப்படிக் காயவைப்பது என்று முடிவு செய்யுங்கள். பிழிந்த சக்கையோடு ஓர் இரவு மூட்டையில் கிடந்தாலே விதை சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் பூஞ்சை, எண்ணெயில் அமிலம் ஏறும். அன்றன்றே சல்லடையில் தேய்த்துக் கழுவி, சோலார் டிரையரில் மெல்லிசாகப் பரப்புங்கள். ஈரம் 7, 8 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஒரு விதையைக் கடித்துப் பாருங்கள்: ‘டக்’கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் காயவில்லை. டீசலை எரித்துக் காயவைத்துவிட்டு அதைப் பசுமை எண்ணெய் என்று விற்பதை என்னால் ஏற்க முடியாது.

உங்கள் அளவுக்கு, விதையை அழுத்திப் பிழியும் இரும்பு திருகு எக்ஸ்பெல்லரே போதும். விதைத் தோல் ரொம்பக் கெட்டி என்பதால் மரச்செக்கு வேண்டாம். திராட்சை விதையில் எண்ணெய் சுமார் 10 முதல் 20 சதவீதம்தான். அதிலும் ஒரு பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். காய்ந்த விதை 100 கிலோவுக்கு 6 முதல் 8 கிலோ கிடைத்தால் நல்ல கணக்கு.

கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால், வாயுபோல ஊடுருவி, திரவம்போல எண்ணெயைக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் வாயு பிரிந்துவிடும். எண்ணெயில் கரைப்பான் மிச்சமே இருக்காது. அருமையான முறைதான். ஆனால் வேலை நடப்பது 200 பாருக்கு மேல். அதைத் தாங்கும் கலன், பம்ப், கரண்ட் எல்லாம் சேர்ந்தால் ஜூஸ் யூனிட் தாங்காது. மாதுளை விதை எண்ணெய்போல விலை போகும் சரக்குக்கு, மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்து எடுப்பதே புத்திசாலித்தனம். என்சைம் போட்டு வெந்நீரில் எடுக்கும் முறையும் உண்டு. எண்ணெயும் நீரும் பால்போலக் கலந்து பிரிய மறுப்பதால் ஆரம்பத்தில் அதைத் தொடாதீர்கள்.

ஹெக்ஸேன் வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரியானது. பெட்ரோலியத்திலிருந்து வருவது, சட்டென்று தீப்பற்றும்; நாள்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளியின் நரம்பைப் பாதிக்கும். அப்படி எடுத்த எண்ணெயைச் சுத்திகரிக்காமல் உணவுக்கு விற்கவும் கூடாது.

பிழிந்த எண்ணெயை இரண்டு நாள் தெளியவிட்டு, வடிகட்டி, நிறக் கண்ணாடி பாட்டிலில் வாய்வரை நிரப்புங்கள். எளிதில் கெடும் லினோலிக் என்ற கொழுப்பு அமிலம் அதிகம் என்பதால் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் காறும். பிண்ணாக்கை உரமாக்கலாம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருப்பதால் மாட்டுக்கு அதிகம் போடக்கூடாது.

முதலில் ஒரு கிலோ காய்ந்த விதையை மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடத்தில் கொடுத்து எண்ணெய் அளவைச் சோதித்துவிடுங்கள். சமையலுக்கு என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம், சருமத்துக்கு என்றால் அழகுப் பொருள் உரிமம். எது என்று தீர்மானித்த பிறகு எக்ஸ்பெல்லருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.