வீடியோவில் டாக்டர் பார்த்தால் போதுமா?

கேள்வி: சாயல்குடி பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு 68 வயது. பல வருடமாகச் சுகர், பிரஷர். மாதாமாதம் பஸ் மாறி மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்து வருவதற்குள் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. நான் கோவையில் வேலையில் இருப்பதால் கூடப் போக முடியவில்லை. "இனி வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் டாக்டர். ஆனால் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் காட்டினால் மருந்துக்கடையில் மாத்திரை தர மறுக்கிறார்கள். அம்மாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். இது சரிப்பட்டு வருமா?

பதில்: வரும். ஆனால் மதுரைப் பயணம் குறையுமே தவிர, அடியோடு நிற்காது.

மருந்துக்கடை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் நான்கு மாத்திரைப் பெயர்கள், பக்கத்தில் 1-0-1, 0-0-1 என்று கணக்கு, கடைசியில் ஒரு கும்பிடு எமோஜி. அவ்வளவுதான். அம்மாவின் பெயர் இல்லை, தேதி இல்லை, டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லை. இதை நம்பி மாத்திரை தர மாட்டேன் என்றவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் (போன், வீடியோ வழி மருத்துவம்) நெறிமுறைகள் வாட்ஸ்அப்பில் மருந்துச்சீட்டு அனுப்புவதைத் தடுக்கவில்லை. ஆனால் அது கையெழுத்துப் போட்ட சீட்டின் போட்டோவாகவோ ஸ்கேனாகவோ, முறையான மின்னணுச் சீட்டாகவோ இருக்க வேண்டும். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். லெட்டர்பேடில் எழுதிப் படம் பிடித்து அனுப்ப அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அப்புறம், அந்தப் பட்டியலில் நான்காவதாக இருக்கும் அல்ப்ரசோலம் தூக்க மாத்திரை. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் அதை வீடியோ ஆலோசனையில் எழுதித் தரக் கூடாது, சீட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். அதற்காக அம்மா அதைத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. அது வேறு தொல்லையைக் கொண்டுவரும். கையிருப்பு தீருவதற்குள் ஒருமுறை நேரில் போய், அது இன்னும் தேவைதானா என்று கேட்டுவிடுங்கள்.

மற்றபடி, ஒரே நோய்க்காக நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் இருந்தால் அந்த நெறிமுறை அதைத் தொடர் சிகிச்சையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சுகருக்கும் பிரஷருக்கும் அதே மருந்தைத் தொடர்வதோ இன்னொன்று சேர்ப்பதோ பெரிய சிக்கல் இல்லை. ஆறு மாதம் தாண்டினால் முதல் ஆலோசனை மாதிரி ஆகிவிடும்.

இப்போது உண்மையான தடைக்கு வருகிறேன். சிக்னல் கிடைக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தவரை, சிக்னல் நன்றாக இருக்கும்போதும் எனக்குத் தெரிவது சுழலும் ஃபேனும் நோயாளியின் நெற்றியும்தான். பிரஷர் எவ்வளவு என்றால் "நார்மல்னு சொன்னாங்க" என்று பதில் வரும். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பது தெரியாது. போனைப் பிடிக்கவும், அளந்து சொல்லவும் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாவிட்டால் டெலிமெடிசின் வெறும் போன் பேச்சுதான். அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் நடத்திவரும் பார்வை மையங்கள் நிலைத்து நிற்பதற்குக் காரணமே இதுதான். அங்கே பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதித்துக் குறித்து வைக்கிறார்; பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வீடியோவில் பேசுகிறார்.

உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் போதும். கையின் மேற்பகுதியில் கட்டும் பிரஷர் கருவியும் ஒரு குளுக்கோமீட்டரும் வாங்கிக் கொடுங்கள். அம்மா ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து நோட்டில் எழுதட்டும். வீடியோவில் கேமராவை முகத்தோடு நிறுத்தாமல் இரண்டு பாதங்களுக்கும் கொண்டுபோகச் சொல்லுங்கள், விரல் இடுக்கு உட்பட. சுகர்காரர்களுக்கு வலிக்காத புண் அங்கேதான் வரும். காது மந்தம் என்பதால் டாக்டர் சொல்வதை அந்தப் பெண் திருப்பிச் சொல்லட்டும். அதே அழைப்பில் நீங்களும் கோவையிலிருந்து சேர்ந்துகொள்ளலாம்.

ஆள் கிடைக்கவில்லையா? ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மத்திய அரசின் இ-சஞ்சீவனி வழியாக அங்கிருந்தே டாக்டரிடம் இணைக்கும் ஏற்பாடு உண்டு, காசு கிடையாது. உங்கள் மதுரை டாக்டர் அதில் வரமாட்டார் என்பது மட்டும் குறை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவின் பெயரைச் சேர்த்தால், பிரஷர், சுகர் பார்ப்பதும் மாத்திரை தருவதும் வீட்டு வாசலிலேயே நடக்கும். தனியார் டாக்டரிடம் காட்டுபவர்கள் இதை ஏனோ கேட்பதே இல்லை.

நேரில் போக வேண்டியவை: வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, பாத நரம்புப் பரிசோதனை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் ஆகியவற்றுக்குப் பக்கத்து லேப் போதும், ரிப்போர்ட்டை அனுப்பிவிடலாம்.

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குளறல், காலில் கறுத்த புண் இருந்தால் வீடியோவுக்குக் காத்திருக்க வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல், வியர்வையும் அசதியுமாக மட்டும் மாரடைப்பு வரலாம் என்பதை அந்தப் பெண்ணிடமும் சொல்லி, 108-ஐ அவர் போனில் பதிந்து வையுங்கள்.