ஜூனியர் வக்கீலுக்கு மாதம் 8,000தானா?

சார், சட்டம் படித்த உங்கள் மகளை ஜூனியராகச் சேர்க்க சீனியர் வக்கீல் மாதம் 8,000 ரூபாய் சொன்னது ஏமாற்று வேலையா என்று கேட்டீர்கள். இல்லை. மாவட்ட கோர்ட்டுகளில் பஸ் காசு மட்டும் வாங்கும் ஜூனியர்களும் உண்டு. ஆனால் 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற இடங்களில் 15,000 உதவித்தொகை தர வேண்டும் என்றது. அதைச் சொல்லிப் பணிவாகக் கேட்கலாம். ஆனால் அந்தத் தொகை வரும் என்று நம்பி கல்விக்கடன் தவணையைக் கணக்குப் போடாதீர்கள்.

'ஒரு கேஸுக்கு ஐம்பதாயிரம்' என்று ஊர் பேசுவது பெரும்பாலும் சிவில் வழக்கு. அது நாலைந்து வருடம் இழுக்கும், ஃபீஸும் தவணையில்தான் வரும். குமாஸ்தா, டைப்பிங், ஜெராக்ஸ், அறை வாடகை எல்லாம் அதிலிருந்தே போகும். தீர்ப்பு வந்தபின் மீதியைக் கேட்டால் கட்சிக்காரர் போனை எடுக்கமாட்டார். மே விடுமுறையில் சிவில் வரும்படி படுத்துவிடும்.

சேருமுன் இரண்டு கேள்வி: வக்காலத்தில் (கட்சிக்காரர் வக்கீலை நியமித்துக் கையெழுத்திடும் தாள்) மகள் பெயரும் இருக்குமா? சொந்தக் கேஸ் எடுக்கலாமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் 8,000க்கும் சேரலாம். மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு இலவச சட்ட உதவிக் குழுவின் வக்கீல் பட்டியலுக்கு விண்ணப்பிக்கலாம். விபத்து இழப்பீட்டில் இத்தனை சதவீதம் ஃபீஸ் என்று பேசுவதை மட்டும் பழக வேண்டாம், வக்கீல்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி அது தவறு.