கட்டம் போட்ட துணி, யூரோ கணக்கு: கடிதம்

வணக்கம் ஐயா,

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் எங்களுக்கு லுங்கி மொத்த வியாபாரம். துபாய்க்கு அனுப்புகிறோம். இப்போது ஹாம்பர்க்கிலிருந்து ஒருவர் கட்டம் போட்ட துணிக்கு சாம்பிள் கேட்கிறார். எம்.பி.ஏ. படிக்கும் தம்பி, 'முதலில் அவர்கள் பண்பாட்டைப் படி' என்கிறான். அப்பாவோ, 'விலையைக் குறைத்தால் எவனும் வாங்குவான்' என்கிறார். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா சொல்வது பாதி சரி. ஆனால் எந்தச் சரக்குக்குக் காசு கொடுக்கலாம் என்பதை வாங்குகிறவரின் வாழ்க்கைதான் முடிவுசெய்கிறது. உங்கள் தொழிலிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மதராஸிலிருந்து கப்பலேறிய கட்டத் துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறப்பிலும் இறப்புச் சடங்கிலும் அதற்கு இடம் உண்டு. அதில் சில வெளிர் இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவி, புதிய கோலம் எடுத்து உடுத்துவார்கள். சாயநூலில் நெய்த துணியில்தான் அது முடியும். அச்சடித்த கட்டத்தில் ஒரே இழையில் பல நிறம் வரும். எந்த இழையை உருவுவது? பாதி விலைக்குக் கொடுத்தாலும் அந்த வேலைக்கு அது உதவாது.

தம்பி படிக்கும் ஹாஃப்ஸ்டெட் கணக்கு, அதாவது நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிடும் முறை, 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த ஆய்விலிருந்து தொடங்கியது. அது நாட்டுச் சராசரி. ஹாம்பர்க்காரர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அது ஜாதகம் ஆகாது. அவரிடமே எழுதிக் கேளுங்கள்: எத்தனை டிகிரி வெந்நீரில் துவைப்பார்கள், சாயம் எந்த அளவுக்கு நிற்க வேண்டும், சுருக்கம் எத்தனை சதவீதம் வரை பரவாயில்லை.

சாயத்தில் கவனமாக இருங்கள். தீங்கான அமின் என்ற வேதிப்பொருள்களை வெளிவிடும் அசோ வகைச் சாயங்களை ஜெர்மனி 1994-லேயே தடைசெய்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதுவே சட்டமானது. வரம்பு, ஒரு கிலோ துணிக்கு ஒவ்வோர் அமினும் 30 மில்லிகிராம். உடல்நலம் பற்றிய அந்த மக்களின் அக்கறைதான் இங்கே சட்டமாகி, உங்கள் அடக்கவிலையில் லேப் டெஸ்ட் செலவாக வந்து உட்காருகிறது. சாம்பிளை மட்டும் சோதித்துவிட்டு சரக்கை வேறு சாயப்பட்டறையில் போட்டால் அந்தச் சான்றிதழ் வீண்.

அடுத்தது பணம். 20,000 யூரோ ஆர்டர், யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சத்தில் 4 சதவீத லாபம் 80,000 ரூபாய். தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வரும்போது யூரோ 97-க்கு இறங்கியிருந்தால் 60,000 போய்விடும். விலை சொல்லும்போதே வங்கியில் ஃபார்வர்டு விகிதம், அதாவது பின்னால் வரும் யூரோவுக்கு இன்றே நிர்ணயிக்கும் ரூபாய் விலை, கேளுங்கள். ஆர்டர் உறுதியானதும் பதிவுசெய்யுங்கள். யூரோ ஏறினால் கிடைத்திருக்கும் கூடுதல் லாபம் போகும்தான். லுங்கி விற்கிறவருக்கு அந்தச் சூதாட்டம் தேவையில்லை.

எஃப்.ஓ.பி. விலை, அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றித் தரும்வரைக்குமான விலை, கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். கன்டெய்னரை முனையத்தில் ஒப்படைத்த பிறகும், கப்பலில் ஏறும்வரை சேதம் உங்கள் பொறுப்பு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பல் தாமதமானால் அந்த நாட்களும் உங்கள் தலையில்தான். வாங்குகிறவர் அமர்த்திய போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைப்பதோடு உங்கள் பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ. முறையைப் போட்டு, ஒப்படைக்கும் இடத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நாளும் மாதமும் குழம்பாமலிருக்க, தேதிகளில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.