ஆர்டர் போச்சு, தூக்கமும் போச்சு

கேள்வி: கம்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 38. மலைக்கு மேலே குமுளிப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆறு வருஷமாக யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தேன். இந்த வருஷம் ரெடிமேடுக்கு மாறிவிட்டார்கள். கடன் வாங்கிப் போட்ட இரண்டு மிஷினும் மூடிக் கிடக்கின்றன. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற அக்காமார் கொண்டுவரும் கிழிந்த சட்டைகளைத் தைப்பதோடு சரி. “பிரச்சினையை வாய்ப்பா மாத்திக்கோ” என்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. நான்கு நாளாகத் தூக்கமில்லை. எப்படித்தான் மாற்றுவது?

பதில்: சகோதரி, உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. போனது இழப்புதான், அதற்கு அவசரமாக வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. ஒரே நிகழ்வை மனம் இழப்பாகவோ ஆபத்தாகவோ சவாலாகவோ எடைபோடும் என்று உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984-இல் விளக்கினார்கள். ‘சமாளிக்க என் கையில் என்ன இருக்கிறது’ என்ற கணக்கும் அந்த எடையில் சேரும். ஆகவே தைரியத்தை வலிய வரவழைக்க வேண்டாம். கையிருப்பை எண்ணுங்கள்.

தினமும் மாலை 20 நிமிஷம், கடையிலேயே. படுக்கையில் வேண்டவே வேண்டாம். நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நடந்தது மட்டும்: எத்தனை செட் போயிற்று, தவணை எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும். வலப்பக்கம் மனம் சொல்வது: ‘என் தொழிலே முடிஞ்சது.’ இரண்டும் கலந்து கிடப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி எடுங்கள்: ‘அடுத்த தவணைக்குள் வாரம் இத்தனை ரூபாய் கூடுதலாக எப்படி வரும்?’ தொகையைக் கட்டாயம் எழுதுங்கள்.

அதற்குப் பத்து வழி எழுதுங்கள். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். மூன்றாவது வழியிலேயே ‘இது ஆகாது’ என்று அடித்துவிடுவார்கள். எழுதும்போதே தீர்ப்புச் சொன்னால் மனம் பழகிய தடத்தையே சுற்றும். செலவு, நாள், தோற்றால் எவ்வளவு நஷ்டம் என்பதெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கிழிந்த சட்டைகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். எந்த இடம் முதலில் கிழிகிறது? அக்குளா, முழங்கையா, கைப்பட்டியா? ஒரு வாரம் வரும் ஒவ்வொரு சட்டைக்கும் குறித்து வையுங்கள். ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே இரட்டைத் துணி கொடுத்து மூன்று சட்டை மட்டும் தைத்து, விலை சொல்லிப் பாருங்கள். ஆசையில் முப்பது தைத்துவிடாதீர்கள். விற்காவிட்டால் நஷ்டம் மூன்று சட்டைத் துணி; பட்டியலில் அடுத்த வழிக்குப் போகலாம். விற்றாலும் பள்ளி ஆர்டருக்கு ஈடாகிவிடும் என்று இப்போதே கணக்குப் போட வேண்டாம்.

‘செய்யணும்’ என்று விட்டால் நழுவும். ‘காலை ஜீப் போனதும் முதல் சட்டைத் துணியை வெட்டுவேன்’ என்று கண்ணெதிரே நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்டு எழுதுங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். நோட்டை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.