பக்கத்து வீட்டுல ஜாக்கி ராபின்சன்

கேள்வி: பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனும் அவர் தெருவுல இருந்த ஒரு சின்னப் பையனும் அவ்ளோ சிநேகமாமே, நெஜமா?

பதில்: நெஜந்தாங்க. 1947 ஏப்ரல் 15 அன்னிக்கு புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமுக்காக எறங்கி, அமெரிக்காவோட உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல கறுப்பர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல இருந்த தடைய ஒடைச்சவரு அவரு. கிரவுண்டுல வசவு, தபால்ல கொலை மிரட்டல், இதெல்லாம் தாங்கிக்கிட்டுத்தான் அந்த வருஷமே சிறந்த புதுமுக வீரர் அவார்டும் வாங்குனாரு.

அப்போ அவரு குடும்பத்தோட நியூயார்க்குல புரூக்ளின் பகுதியில டில்டன் அவென்யூங்கற தெருவுல குடியேறுனாரு, அங்க யூதக் குடும்பங்கதான் நிறைய, கறுப்பர் வரக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கக் கெளம்புனவங்களும் இருந்தாங்க, ஆனா இந்தப் பையனோட அப்பா அம்மா கையெழுத்துப் போட மாட்டோம்னு நின்னாங்க பாருங்க, எனக்கு அந்த எடந்தான் ரொம்பப் பெருசாப் படுது. எட்டு வயசுப் பையன், டாட்ஜர்ஸ்னா உசுரு, அவனுக்கு அந்த ஹீரோவே பக்கத்து வீட்டு மனுஷனாயிட்டாரு!

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவங்க வீட்டுல மரம் இல்லைன்னு தெரிஞ்சதும், வாங்க வசதியில்ல போலன்னு நெனச்சு ராபின்சனே ஒரு மரத்தக் கொண்டாந்து குடுத்துட்டாரு. யூதங்க கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டாங்கன்னு அவருக்குத் தோணவே இல்ல. நல்ல மனசுல வந்த தப்பு அது, அதனால ரெண்டு குடும்பமும் இன்னும் நெருங்கித்தான் போச்சு.

ராபின்சனோட சட்டையில இருந்த 42ஆம் நம்பர 1997ல எல்லா மேஜர் லீக் டீமுமே, புதுசா யாருக்கும் குடுக்கறதில்லன்னு, அவருக்கு மரியாதையா ஒதுக்கி வச்சுட்டாங்க.