தாத்தாவின் ராணுவத் துப்பாக்கி: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். தாத்தா பட்டாளத்துக்காரர், பர்மா சண்டைக்குப் போய் வந்தவர். 1950களில் லைசென்ஸ் எடுத்து ஒரு ராணுவ ரைஃபிள் வாங்கினார். பிறகு அது அப்பா பெயருக்கு மாறியது. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. துப்பாக்கி பீரோவுக்கு மேல் தகரப் பெட்டியில் இருக்கிறது, கூடவே பதினோரு தோட்டா. இரும்பில் கிரீடமும், ‘ஜி.ஆர்.ஐ.’, ‘ஈஷாப்பூர்’, ‘1942’ என்ற எழுத்துகளும் தெரிகின்றன. பயிர்க்காவலுக்கு என் பெயரில் ஒற்றைக்குழல் துப்பாக்கி லைசென்ஸ் தனியாக இருக்கிறது. இதே ரைஃபிள் அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது, வருடா வருடம் விலை ஏறுகிறது என்று அங்கிருக்கும் சித்தப்பா மகன் சொல்கிறான். பெங்களூரில் பழைய துப்பாக்கி சேகரிக்கும் ஒருவர் இரண்டரை லட்சம் ரொக்கமாகத் தருகிறேன், காகிதம் எதுவும் வேண்டாம் என்கிறார். பழம்பொருளுக்கு லைசென்ஸே தேவையில்லை என்கிறான் தம்பி. அம்மாவுக்குக் கொடுக்க மனமில்லை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் என்னையே பிடித்து வைத்துவிடுவார்களா?

பதில்: முதலில் பெங்களூர்க்காரருக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். இரண்டரை லட்சம் பெரிய தொகைதான். ஆனால் காகிதம் இல்லாமல் கைமாறும் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம் 25ஆம் பிரிவு வைத்திருக்கும் தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் வரைக்கும் போகலாம். வாங்கியவரோடு விற்றவரும் மாட்டுவார். இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தத் துப்பாக்கி நாளைக்கு எங்காவது ஒரு குற்றத்தில் பிடிபட்டால், அதில் பொறித்த எண்ணை வைத்துப் போலீஸ் தேடி வருவது உங்கள் அப்பா பெயரில்தான். வாங்கியவர் யாரென்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது.

தம்பி சொல்வதைப் பலர் நம்புகிறார்கள். சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழைய மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அதே வரி, அந்த ஆயுதம் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை. உங்கள் தாத்தாவின் ரைஃபிளில் போல்ட் இழுத்தால் வருகிறது, குழல் அடைபடவில்லை என்றால் அதற்கு இந்த விலக்கு கிடையாது. வயது மட்டும் காப்பாற்றாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் சிலர் இழுப்பார்கள். அதற்குப் பொதுவாக நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும், 1942க்கு அந்த வயது வரவில்லை. வந்தாலும் அது ஆயுத லைசென்ஸுக்கு மாற்று ஆகாது.

உங்களிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒற்றைக்குழலுக்கு மட்டும்தான். புத்தகத்தைத் திறந்து பாருங்கள்: வகை, போர் (bore, அதாவது குழலின் உள்ளளவு), எண் என்று ஒவ்வொன்றும் தனியாக எழுதியிருக்கும். அதில் ஏறாத துப்பாக்கி உங்கள் வீட்டில் இருந்தால், லைசென்ஸே இல்லாதவர் வீட்டில் இருப்பதற்கும் அதற்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. அதற்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. பதினோரு தோட்டாவும் இதே கணக்கில்தான் சேரும்.

இனி அந்த எழுத்துகளுக்கு வருவோம், முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது. ‘ஜி.ஆர்.ஐ.’ என்பது ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். ஈஷாப்பூர் வங்காளத்தில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை. ஆக, அது ராணுவத்துக்காகச் செய்த த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 போர் ரைஃபிளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே ஈஷாப்பூர் பின்னாளில் பொதுமக்களுக்கு விற்ற .315 ரைஃபிளும் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் அதே லீ என்ஃபீல்டு அமைப்பில் வந்ததால், பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சட்டத்தின் கண்ணுக்கு அப்படி இல்லை. .315 சாதாரண வகை, அதற்கு லைசென்ஸ் தருபவர் மாவட்ட ஆட்சியர். .303, 7.62 போன்ற படையினரின் தோட்டாவை ஏற்கும் ரைஃபிள்கள் ஆயுத விதிகளின் முதல் வகையில் வருகின்றன. அதற்கு அனுமதி டெல்லியில், மத்திய உள்துறையிலிருந்து வர வேண்டும். வழக்கு என்று வந்து, தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று எழுதிவிட்டால் தண்டனை 7 முதல் 14 ஆண்டு வரை.

அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் போர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தோட்டாவைப் போட்டு அளந்து பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் இருக்கிறார், அவர் பார்த்துச் சொல்லட்டும்.

புத்தகம் கிழிந்தோ தொலைந்தோ போயிருந்தால் கலங்காதீர்கள். 1950களில் உங்கள் ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது, 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. எனவே முதல் பதிவு சேலத்திலும், நடுப்பகுதி தருமபுரியிலும், கடைசிப் புதுப்பித்தல் கிருஷ்ணகிரியிலும் இருக்கும். மூன்று இடத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு நகல் கேட்கலாம். அப்புறம், தேர்தல் தோறும் அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகள் வீட்டில் எங்காவது கிடக்கும். ரேஷன் கார்டு வைக்கும் பையில், பழைய பத்திரங்களுக்கு நடுவில் தேடுங்கள். இது கள்ளத்துப்பாக்கி இல்லை, ஊரறிய, போலீஸ் அறிய இருந்த துப்பாக்கி என்பதை அந்தச் சீட்டுகள் சொல்லும். என்னிடம் வந்த இப்படியொரு விவகாரத்தில் பெரும்பாடு பட்டுத் தேடியும் கிடைக்காமல், கடைசியில் பாட்டியின் சுருக்குப்பையில் நாலாக மடித்த ஒரே ஒரு ரசீது கிடைத்தது. ஸ்டேஷன் முத்திரை மங்கியிருந்தது, துப்பாக்கி எண் மட்டும் தெளிவாக இருந்தது. அந்த ஒரு தாள்தான் அந்தக் குடும்பத்தின் பேச்சை அதிகாரிகள் நம்பக் காரணம்.

பிடித்து வைத்துவிடுவார்களா என்று கேட்டீர்கள். மூன்று வருடத் தாமதம் தவறுதான், அதை நான் பூசி மெழுக மாட்டேன். லைசென்ஸ்தாரர் இறந்தால் வீணாகத் தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தானாக வந்து ஒப்படைப்பவரும், சோதனையில் பிடிபடுபவரும் ஒன்றில்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு வழக்கு நடத்த மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 39ஆம் பிரிவு இருக்கிறது. அந்தக் கோப்பு ஆட்சியர் மேசைக்குப் போகும்போது, உங்கள் மனு முதல் தாளாக இருக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் மலையோர ஊர்களில் நாட்டுத்துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கும்படி போலீஸார் கேட்பதும், மக்கள் ஒப்படைப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. பயந்துகொண்டு ஊர் எல்லையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அது உங்கள் குடும்பச் சொத்து, ரசீது இல்லாமல் விட்டால் போனது போனதுதான்.

நாளைக்கே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதுங்கள், நகல் ஆட்சியருக்கும் உங்கள் ஸ்டேஷனுக்கும். தாத்தா, அப்பா, லைசென்ஸ் எண், அப்பா இறந்த தேதி, துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, ஒப்படைக்கத் தயார் என்ற ஒரு வரி. ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு போகட்டும். பிறகு ஒரு வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசுங்கள். துப்பாக்கியைக் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். எப்படி, எப்போது கொண்டுவருவது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அதைத் தொட வேண்டும், முடிந்தால் அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும். ரசீதில் எண்ணும் தோட்டாக் கணக்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேஷன் அறையில் துருப்பிடிக்கும் என்று கவலை இருந்தால், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்கவும் அதே 21ஆம் பிரிவு இடம் தருகிறது. கடைக்காரர் வாடகை கேட்பார், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்.

ஒப்படைத்தால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடாது. சட்டப்படியான வாரிசு லைசென்ஸ் எடுத்துத் திரும்பப் பெறலாம், இல்லை லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். குறித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றும் செய்யாவிட்டால்தான் பறிமுதல். அதனால் ஒப்படைத்த கையோடு, 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதிப்படி வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, பரம்பரைத் துப்பாக்கிக்கும் அதே வரம்புதான். உங்களிடம் ஒன்று இருப்பதால் இது இரண்டாவதாக அடங்கும். .303 என்றால் டெல்லி வரை போகும், காலமாகும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆட்சியர் மறுத்தால் 18ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது, மத்திய அரசே மறுத்தால் அந்த வழி கிடையாது.

அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சொந்தச் சொத்தில் அம்மா, அக்கா, நீங்கள், தம்பி நால்வருக்கும் சமபங்கு, துப்பாக்கியின் விலையும் அதில் சேரும். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கலாம், மதிப்பு நால்வருக்கும் உரியது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, மற்ற மூவரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விலை ஏறுகிறது என்ற பேச்சு வந்த பிறகு மறைத்து வைத்தால், அந்த மனத்தாங்கலே ஒருநாள் ஸ்டேஷனுக்குத் தகவலாகப் போகும். அப்படிப் போய் வந்த வழக்குகளை நானே நடத்தியிருக்கிறேன், எல்லாம் உடன்பிறந்தவர்கள் கொடுத்த தகவல்.

விலை விஷயத்தில் உங்கள் சித்தப்பா மகன் பொய் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பல நாட்டுப் படைகள் ரைஃபிள்களைக் கூடை கூடையாகக் கழித்துவிட்டன. அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலிய ராணுவ ரைஃபிள் 1963இல் தபாலில், தொலைநோக்கியோடு சேர்த்து, 19 டாலர் 95 சென்டுக்கு வந்தது. 1968இல் அமெரிக்கச் சட்டம் பழைய ராணுவத் துப்பாக்கி இறக்குமதியை அடைத்தது. 1980களில் சேகரிப்பாளர்களுக்காக வழி திறந்தது. ஆனால் புதிதாக யாரும் இவற்றைச் செய்யப் போவதில்லை, இருப்பது குறைந்துகொண்டே வருகிறது, விலை ஏறுகிறது. அந்த விலை அந்த நாட்டுச் சட்டத்துக்குள் விற்கிறவருக்கு. இங்கிருந்து ஒரு துப்பாக்கியை வெளியே அனுப்ப 10ஆம் பிரிவில் தனி லைசென்ஸ் வேண்டும், உங்களைப் போன்ற ஒருவர் அதை நம்பி விலை போட முடியாது. இங்கே உங்கள் துப்பாக்கியை வாங்கக் கூடியவர், அந்த வகைக்கே அனுமதி உள்ளவர். .303 என்றால் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு, விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும். வாங்குபவர் கிடைத்தாலும், வாரிசு லைசென்ஸ் எடுத்த பிறகு நீங்களே விற்பதானால், ஆட்சியருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கொடுக்கலாம்.

அம்மாவுக்கு மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: தாத்தாவின் துப்பாக்கியை இப்போது கொடுப்பது திரும்ப வாங்குவதற்காக. ஆட்சேபணை இல்லை என்ற தாளில் முதல் கையெழுத்து அவருடையதாகவே இருக்கட்டும்.